கால்மணை

இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் வாங்கும் ஓவியச் செல்வங்களே!

கண் வலி தீர்ந்தால் சமயபுரத்தாளுக்குக் கண்மலர் சாத்துவோம். கால் குணமானால் வெள்ளியில் ஒரு கால் செய்து வேளாங்கண்ணி மாதாவுக்குக் காணிக்கை வைப்போம். வேண்டுதல் பலித்தால் நன்றியைக் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாக்கிவிடுவது நம் வழக்கம். ஐரோப்பாவிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே பலர் அதைப் படமாக வரைந்து கோயிலில் வைத்தார்கள். இலத்தீனில் அதற்கு 'எக்ஸ் வோட்டோ' என்று பெயர். அப்படி ஒரு காணிக்கைப் படத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பிலிப் தெ ஷாம்பேன் 1602இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து பாரிஸில் பெயர் வாங்கியவர். பிரெஞ்சு ஓவியக் கழகத்தை 1648இல் நிறுவியவர்களில் ஒருவர். பிரெஞ்சு அரசரின் அமைச்சரான கார்டினல் ரிஷ்லியூவைப் பல முறை வரைந்தவர். அந்தப் படங்களில் சிவப்புப் பட்டு அங்கி மடிப்பு மடிப்பாக அருவிபோல் இறங்கும். வீட்டிலோ வேறு கதை. மனைவி போனார், மகன் போனான், ஒரு மகளும் போனாள். மிஞ்சியவள் கத்தரீன் ஒருத்திதான். அவளும் போர்ட்-ராயல் மடத்தில் கன்னியாஸ்திரி. 1660இல் அவளுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. ஒரு வருஷத்துக்கும் மேலாக வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. அதே மடத்தைச் சேர்ந்த அன்னை ஆக்னஸ் ஆர்னோ அவளுக்காக நவநாள் ஜெபம் செய்தார். அது முடிந்த கையோடு, 1662 ஜனவரியில், கத்தரீன் எழுந்து நடந்தாள். அறுபதை நெருங்கிய அப்பா தூரிகையை எடுத்தார்.

அந்தப் படம் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்தரை அடி உயரம், ஏழரை அடி அகலம். சாம்பல் நிறச் சுவர், அதில் ஒரு மரச் சிலுவை. கத்தரீன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருக்கிறாள். பக்கத்தில் அன்னை ஆக்னஸ் முழந்தாளிட்டிருக்கிறார். இருவருக்கும் நடுவே மேலிருந்து ஓர் ஒளிக்கதிர் இறங்குகிறது. அவ்வளவுதான்.

மாணவனாக இருந்தபோது நூலகப் புத்தகத்தில் இதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பக்கத்தைப் புரட்டினேன். அசைவில்லை, வண்ணமில்லை, என்ன படம் இது என்று தோன்றியது. பல வருஷம் கழித்து என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். சித்தி ஊரிலிருந்து வந்தார். முதல் வேலையாகப் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து அம்மாவின் குதிகாலுக்கு அடியில் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இப்பத்தாண்டி உசுரு வந்துச்சு" என்றார். அன்று இரவு அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. தேடி எடுத்தேன். நான் பார்க்காமல் விட்டது அப்போதுதான் கண்ணில் பட்டது: கத்தரீனின் காலுக்குக் கீழே ஒரு கால்மணை.

நடந்துவிட்ட மகளுக்காக நன்றி சொல்ல வந்த தகப்பன் அவளை நடப்பவளாக வரைந்திருக்கலாமே? அவர் வரையவில்லை. அவள் இன்னும் நடக்க முடியாமல் இருந்த நேரத்தை வரைந்தார். கால்மணையை வரைந்தார். கூடவே இருந்த ஒருத்தியை வரைந்தார். வரம் கிடைத்த நாளை யாரும் மறக்கமாட்டார்கள். கிடைக்காத நாட்களில் பக்கத்தில் இருந்தவர்கள்தான் மறந்துபோவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் படம்.

வண்ணத்தைப் பாருங்கள். கார்டினலுக்காகக் குடம் குடமாய்க் கொட்டிய சிவப்பு இங்கே எங்கே? இரு பெண்களின் மார்பிலும் உள்ள சிலுவைகளில் மட்டும் இருக்கிறது. கையில் இருக்கும் திறமையை எல்லாம் காட்டிவிடாமல் இருப்பதும் ஒரு காணிக்கைதான். இந்த அதிசயத்துக்கும் தன் மகிழ்ச்சிக்கும் சாட்சியாக அவர் இதை வைத்ததாகச் சுவரில் உள்ள இலத்தீன் வரிகள் சொல்கின்றன. பிறகு படத்தை மடத்துக்கே கொடுத்துவிட்டார்.

நாளை முதல் உங்களுக்கு வேலைகள் வரும். பணம் கொடுப்பவர் சிவப்பு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஷாம்பேனும் கொடுத்தவர்தான். ஆனால் யாரும் கேட்காத, யாரும் விலை பேசாத ஒரு படத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் இருக்கவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சற்றே திரும்பிப் பாருங்கள். காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறார்கள்.

முதலில் போய் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். படத்தைப் பிறகு வரையலாம்.