சுண்ணாம்பு குழைத்தவர்கள்
(கடம்பூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, சிமெண்டு வந்த பிறகுதான் கான்கிரீட் வந்ததுன்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. ரோமாபுரிக்காரர்கள் 2000 வருஷத்துக்கு முன்பே கான்கிரீட் போட்டவர்கள். ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் கவிகை மாடம் 43 மீட்டர் அகலம். கான்கிரீட்டுக்குள் ஒரு இரும்புக் கம்பி கிடையாது. இன்றும் நிற்கிறது.

சூட்சுமம் என்ன? நம்ம கரிசல்ல கிடைக்கிற சுக்கான்கல்லைச் சுட்டாலும் சுண்ணாம்புதான். வெறும் சுண்ணாம்பு காற்றுப்பட்டுத்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. அவர்கள் எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள். தண்ணீருக்கடியிலும் கல்லானது. எரிமலை இல்லாத நம்ம பக்கம் சுட்ட செங்கல்லை இடித்த பொடி அதே வேலையைச் செய்தது. அதுதான் சுர்க்கி.

முல்லைப் பெரியாறு அணையின் வயிற்றுக்குள் இருப்பது சுண்ணாம்பு சுர்க்கிக் கான்கிரீட். 1887இல் தொடங்கி 1895இல் முடித்தார்கள். பின்னால் 1980களில் புதுக் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள்.

பென்னிகுயிக்கின் உழைப்பை நாம மறுக்கல. 2013இல் அவருக்கு மணிமண்டபமும் வந்தது. ஆனால் காளவாசலில் வெந்தவன், செங்கல் இடித்தவன், காட்டுக் காய்ச்சலில் செத்த கூலிக்காரன், இவங்க பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? பாந்தியன் முகப்பிலும் அக்ரிப்பா என்ற பிரபுவின் பேர்தான் வெட்டியிருக்கு. கலவை குழைத்தவன் பேர் இல்லை.

மாணவத் தோழர்களே, உங்க ஊர்க் கண்மாய் மடையை, கிணற்றை, பாலத்தைக் கட்டியது யார்னு பெரியவங்ககிட்டக் கேளுங்க. பேரோட எழுதி வையுங்க. நாம எழுதலேன்னா வேற யாரும் எழுதப் போறதில்லை.