சட்டத்தையே கூண்டில் ஏற்றிய அம்மையார்

(மகளிர் உரிமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பிரஞ்சு நாட்டு வழக்குரைஞர் சிசேல் அலிமி அம்மையாரின் வாழ்வைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

அவர் 1927-இல் துனீசியாவில், லா கூலெத்து என்னும் ஊரில், எளிய யூதக் குடியிற் பிறந்தவர். பிறந்தது பெண் என்பதால் தந்தை அதனைப் பல நாள் வெளியிற் சொல்லவில்லை என அவரே பின்னாளிற் கூறியுள்ளார். உடன்பிறந்த ஆண்களுக்குப் பணிவிடை செய்யேன் என்று, சிறுமியாயிருந்தபோதே உண்ணாநோன்பு கிடந்து வென்றவர் அவர்.

1960-இல் அல்சீரிய விடுதலைப் போராளி சமீலா பூபாசா பிரஞ்சுப் படையினரிடம் அகப்பட்டுச் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளானார். அவருக்காக வழக்காட முன்வந்தவர் அலிமி. சிமோன் த பொவாரின் எழுதுகோலைத் துணைக்கொண்டு அக்கொடுமையை நாடறியச் செய்தார். நாடே போரில் முனைந்திருந்த காலத்தில் அந்நாட்டுப் படையையே குற்றஞ்சாட்டிய நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்! சமீலா 1962-இல் விடுதலையானார்.

பாரிசை அடுத்த பொபிஞியில் 1972-இல் நடந்த வழக்கோ இன்னும் பெரிது. வன்புணர்ச்சியாற் கருவுற்ற பதினாறு அகவைச் சிறுமியொருத்தி கருவைக் கலைத்தாள். வன்புணர்ந்தவனே அவளைக் காட்டிக் கொடுத்தான்! அந்நாளைய கருக்கலைப்புத் தடைச் சட்டம் அவளையும், துணைநின்ற தாயையும் கூண்டில் ஏற்றியது. பிறராயின் இரக்கம் வேண்டி இறைஞ்சியிருப்பர். அலிமி இறைஞ்சினாரல்லர், அச்சட்டத்தையே கூண்டில் ஏற்றினார். அறிவியலறிஞரையும் மருத்துவரையும் சான்றுரைக்க அழைத்தார். தாமும் கருக்கலைப்புச் செய்துகொண்டவரே என மன்றத்தில் எழுந்துரைத்தார். செல்வர் வீட்டுப் பெண்டிர் அயல்நாடு சென்று மீள, ஏழையரே ஒறுக்கப்படுவதைச் சுட்டினார். சிறுமி விடுதலையானாள். 1975-இல் கருக்கலைப்பை ஏற்கும் சட்டம் வந்தது. 1978-இல் அவர் வாதாடிய வன்புணர்ச்சி வழக்கு, அக்குற்றத்தைத் தெளிவுற வரையறுத்த 1980-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழிகோலிற்று.

மன்றத்தில் வென்றவர், பின்னர்ச் சட்டம் இயற்றும் அவைக்கே சென்றார். 1981-இல் ஈசேர் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். நகராட்சித் தேர்தற் பட்டியலில் ஒரே பாலார் நூற்றுக்கு 75-இன் மேல் இருத்தலாகாது என 1982-இல் திருத்தம் கொணர்ந்தார். அவை ஏற்றது, அரசியலமைப்பு மன்றம் தள்ளியது. அத்துடன் அக்கருத்து மாய்ந்ததா? இல்லை! 1999-இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. 2000-இல் ஆண் பெண் ஒப்புரிமைப் பட்டியற் சட்டம் பிறந்தது. அதனைத் தம் கண்ணாற் கண்டபின், 2020 சூலை 28-இல் தம் 93-ஆம் அகவையில் அம்மையார் மறைந்தார்.

அன்பர்களே! தீர்ப்பு ஒருத்தியைக் காக்கும். சட்டமோ நாட்டுப் பெண்டிர் அனைவரையும் காக்கும். ஒருத்தியின் கண்ணீரைத் துடைத்ததோடு அமையாமல், அக்கண்ணீர்க்கு வேரான சட்டத்தையே பெயர்க்க முனைந்தாரே, அதுவே நாம் கொள்ளத்தக்க பாடம்.