நெறி கட்டிய பின்: மெலனோமா நோயாளரின் வாழ்நாட் கணிப்பும் கல்வராயன் மலைப் பாதங்களும்

பொருள் அவையோர்க்குப் புதியதன்று. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களை எட்டிவிட்டால் அது மூன்றாம் நிலை எனப்படும். அந்நிலையை அடைந்தவர் எத்தனை ஆண்டு உயிரோடிருப்பார் என்பதை எதைக்கொண்டு கணிப்பது என்பதே வினா. இதற்கு உடன்பணியாற்றும் அறிஞர் பலர் நெடுங்காலமாக ஒரு விடை கூறிவருகின்றனர். அவ்விடை பிழையானது என்பதை நிறுவுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

அவர்தம் வாதம் சுருக்கமானது. வெள்ளையரிடம் இந்நோய் பெரும்பாலும் வெயில் படும் தோலில் தோன்ற, நம்மவரிடமோ உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே மிகுதியும் தோன்றுகிறது. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு அட்டவணை, மூன்றாம் நிலை நோயாளருள் நூற்றுக்கு 77 பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் இந்நோய்க்கு இரையாகாமல் இருப்பர் என்கிறது. நம் மருத்துவமனைகளில் அத்தனை பேர் பிழைப்பதில்லை. ஆகவே உள்ளங்கால் மெலனோமா இயல்பிலேயே கொடியது என்றும், நோயாளியின் விதி கட்டியின் மரபணுவிலேயே எழுதப்பட்டுவிட்டது என்றும் அவர்கள் முடிவு கட்டுகின்றனர்.

இம்முடிவு ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிட்டுப் பெற்றது. மூன்றாம் நிலை என்னும் பெயர் ஒன்றாயினும் அப்பெயருக்குள் வரும் வழி இரண்டு. 1992இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்டு மார்ட்டனும் அவர் குழுவினரும் காவல் கணுப் பரிசோதனையை வெளியிட்டனர். கட்டியைச் சுற்றி நீலச்சாயத்தைச் செலுத்தி, அது முதலில் சென்றடையும் கணுவை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது அம்முறை. இன்று சாயத்தோடு கதிரியக்கப் பொருளும் பயன்படுகிறது. கைக்குத் தட்டுப்படாத, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நோய்ப்படிவு ஒன்று அக்கணுவில் இருந்தாலும் அந்நோயாளி மூன்றாம் நிலையினர் ஆகிவிடுகிறார். கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சேலத்திற்கோ செல்லும் ஒருவர், பாதத்துக் கருப்புப் புண்ணைக் கால் ஆணி என்றும் ஆறாத காயம் என்றும் எண்ணிக் காலங்கடத்தி, தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகே செல்கிறார். அவரும் மூன்றாம் நிலையினரே. முன்னவரின் கணு மறைந்திருந்தது, பின்னவரின் கணு திரண்டு நிற்கிறது. இருவரையும் ஒரே விழுக்காட்டால் அளப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

இதனை ஓர் எண்ணிக்கையால் விளக்குதல் வேண்டும். கற்பனையாக இரண்டாம் நிலையில் 100 பேரும், கணு தட்டுப்படும் மூன்றாம் நிலையில் 100 பேரும் உள்ளதாகக் கொள்வோமாயின், ஐந்தாண்டு முடிவில் முதற்கூட்டத்தில் 70 பேரும் இரண்டாங்கூட்டத்தில் 30 பேரும் எஞ்சுவர் என்று வைக்கலாம். இப்போது காவல் கணுப் பரிசோதனை வருகிறது. இரண்டாம் நிலையினர் 100 பேரில் 20 பேருக்குக் கணுவில் மறைந்த படிவு இருப்பது தெரிய, அவர்கள் மூன்றாம் நிலைக்கு மாற்றி எழுதப்படுகின்றனர். அந்த 20 பேரில் பிழைப்பவர் 10 பேர். இனி இரண்டாம் நிலையில் 80 பேர், எஞ்சுவோர் 60; அதாவது 70 விழுக்காடு 75 ஆயிற்று. மூன்றாம் நிலையில் 120 பேர், எஞ்சுவோர் 40. 30 விழுக்காடு 33 ஆயிற்று. இரு நிலைகளிலும் வாழ்நாள் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆயினும் 200 பேரில் முன்பும் 100 பேரே பிழைத்தனர், இப்போதும் 100 பேரே பிழைத்துள்ளனர். ஒருவர்கூடக் கூடுதலாக ஒரு நாள் வாழவில்லை. நிலைமாற்றம் எனப்படும் இத்தோற்றத்தை 1985இல் ஆல்வன் ஃபைன்ஸ்டைனும் உடனாய்வாளரும் நுரையீரல் புற்றுநோயில் எடுத்துக்காட்டி, அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ரோஜர்சின் பெயரை அதற்கு இட்டனர்.

இது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்குவோர், ஏழாம் பதிப்பையும் எட்டாம் பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. மூன்றாம் நிலையின் முதற் பிரிவுக்கு ஏழாம் பதிப்பு தந்த ஐந்தாண்டு விழுக்காடு 78. எட்டாம் பதிப்பு தருவது 93. இரண்டாம் பிரிவு 59இலிருந்து 83 ஆயிற்று. மூன்றாம் பிரிவு 40இலிருந்து 69 ஆயிற்று. புதிதாக வகுக்கப்பட்ட நான்காம் பிரிவு 32இல் நிற்கிறது. 1998க்குப் பின் நோய் கண்டறியப்பட்ட 46,000க்கும் மேற்பட்டோரின் தரவிலிருந்து எழுந்த இப்பதிப்பின் பெரும்பகுதி, இன்றைய தடுப்பாற்றல் மருந்துகள் பரவலாவதற்கு முற்பட்டது. ஆகவே இவ்வுயர்வு அம்மருந்துகளால் வந்ததன்று. முதற் பிரிவுக்குள் மெல்லிய கட்டி உடையோர் மட்டுமே வைக்கப்பட்டனர். காவல் கணு ஆராயப்பட்டோர் மிகுந்தனர். பிரிவுகளின் எல்லைக்கோடுகள் நகர்ந்தன. கோடு நகர்ந்தமைக்கே ஒரே அறிவியல் மரபுக்குள் இத்தனை வேறுபாடு விளையுமாயின், நெறி கட்டிய பின் வரும் கல்வராயன் நோயாளியை அவ்வட்டவணையோடு ஒப்பிட்டு, எஞ்சிய வேறுபாடு முழுவதையும் மரபணுவின் தலையில் ஏற்றுவது எங்ஙனம் தகும்?

உள்ளங்கால் நோயின் இயல்பில் வேறுபாடே இல்லை என்பது இங்குக் கூறப்படவில்லை. 1986 முதல் 2005 வரையிலான அமெரிக்கப் பதிவேட்டில் இவ்வகையினரின் ஐந்தாண்டு விழுக்காடு 80 ஆகவும், தோல் மெலனோமா அனைத்திற்கும் 91 ஆகவும் இருந்தன. ஆனால் அப்பதிவேட்டை ஆராய்ந்தோரே இவ்வேறுபாட்டிற்குக் கட்டியின் தடிப்பையும் முற்றிய நிலையையும் காரணமாகச் சுட்டினர். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் முன்வைத்த மில்லிமீட்டர் அளவே இன்றும் முதன்மைக் குறியீடாக நிற்பது இதனால்தான்.

மலைப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. வெறுங்காலோடு மரவள்ளிக் காட்டில் உழைப்போர்க்குப் பித்தவெடிப்பிலும் முள் குத்திய புண்ணிலும் சீழ் வைத்தாலே தொடையிடுக்கில் நெறி கட்டும். ஆகவே தட்டுப்படும் கணு எல்லாம் புற்றுநோய்க் கணு ஆகாது. ஊசியால் உறிஞ்சி ஆராயாமல் மூன்றாம் நிலை என எழுதுவது கணிப்பை மறுபக்கம் சாய்த்துவிடும்.

அடுத்து, தொடர்பறுந்தோர். 1958இல் கப்லானும் மையரும் வகுத்த வாழ்நாட் கணக்கு, தொடர்பு விட்டுப்போனவரும் தொடர்பில் உள்ளவரைப் போலவே வாழ்வார் எனக் கொள்கிறது. பருவந்தோறும் வெளிமாநிலத் தோட்ட வேலைக்குச் செல்லும் மலையாளிப் பழங்குடியினர் திரும்ப வாராமைக்கு வேலையும் காரணமாகலாம், இறப்பும் காரணமாகலாம். 1981இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தொடங்கிய சென்னைப் பதிவேடு, இறப்புச் சான்றை மட்டும் நம்பாது நோயாளியின் வீடு தேடிச் சென்று நிலையறிந்தது. அதன் பயன் 2011இல் சங்கரநாராயணனும் சுவாமிநாதனும் பதிப்பித்த பன்னாட்டு வாழ்நாள் தொகுப்பில் தெரிகிறது. மருத்துவமனை ஏட்டை மட்டும் வைத்துக் கணினிவழிக் கணிப்புகளை வகுக்க விரைவோர் இதனை முதலில் கற்றல் வேண்டும்.

நேரம் குறுகியமையால் எஞ்சியவை குறிப்பளவில் நிற்கின்றன. 2017இல் வெளிவந்த பெரும் ஆய்வு, காவல் கணுவில் நோய் கண்டபின் எஞ்சிய கணுக்களை உடனே அகற்றுவதால் உயிர்காப்பு கூடவில்லை என்று காட்டியது. அகற்றுதல் குறைந்தமையால், கணுக்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட பிரிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. அறுவைக்கு முன்னரே தடுப்பாற்றல் மருந்து தந்து, எடுத்த கணுவில் உயிருள்ள நோயணுக்கள் 10 விழுக்காட்டிற்கு மேற்படாதிருப்பின் நல்ல அறிகுறி எனக் கொள்ளும் முறை 2024இன் நடினா ஆய்வுக்குப்பின் வலுப்பெற்றுள்ளது. உள்ளங்கால் நோயாளரிடம் அது எங்ஙனம் செயற்படும் என்பதைத் தனியே காணவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் களப்பணியாளர், நீரிழிவாளரின் வீடு செல்லும்போது உள்ளங்காலையும் ஒருமுறை பார்க்கலாம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் இளம் ஆய்வாளர்க்கு இவற்றுள் எதுவும் பொருளாகலாம்.

அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கணு கைக்குத் தட்டுப்பட்டதா, பரிசோதனையில் மட்டும் வெளிப்பட்டதா, எத்தனை ஆராயப்பட்டு எத்தனையில் நோய் இருந்தது, படிவு எத்தனை மில்லிமீட்டர் என்பவற்றை நோயியல் அறிக்கை ஒவ்வொன்றிலும் எழுதும் வழக்கத்தை இம்மாவட்ட மருத்துவர்கள் இவ்வாண்டிலேயே தொடங்குதல் வேண்டும்.