படத்தில் இல்லாத தோழி



பள்ளித் தோழர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் ஒன்றுகூடும் வழக்கம் இப்பொழுது நம்மிடையே பெருகி வருகிறது. கோயில் மண்டபத்தில் சந்திக்கிறார்கள். பிறகு வேன் பிடித்துக் கடற்கரைக்கும் மலைக்கும் போய் வருகிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான். அந்த மகிழ்ச்சியில் ஒருவரும் விடுபடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை, எங்கள் அனுபவத்தைக் கொண்டே இன்று சொல்ல விரும்புகிறோம்.

தோட்டப் பள்ளியில் படித்தவர்களுக்கு இத்தகைய கூடல் மிகவும் அருமையானது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்தவைதாம் நம் பள்ளிகளுள் பல. தோட்டம் வாழ்ந்தவரை பள்ளியும் வாழ்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் மக்கள் சிதறினார்கள், பள்ளிகளும் மறைந்தன. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்கும் குறைவு. நகரத்தில் படித்தவர் தம் பழைய பள்ளியின் வாசலிலாவது போய் நிற்கலாம். நம்மில் பலருக்கோ லயமும் இல்லை, பால் கொட்டகையும் இல்லை, பள்ளியும் இல்லை. எஞ்சியிருப்பது உடன் படித்தவர்களின் நினைவு ஒன்றுதான்.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1992ஆம் ஆண்டில் நாங்கள் ஆறாம் வகுப்பு முடித்தோம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், எங்களுள் ஒருவருடைய வீட்டுப் பெட்டியிலிருந்து அந்த ஆண்டின் வகுப்புப் படம் கிடைத்தது. படத்தில் பதினேழு முகங்கள். அதையே பெயர்ப் பட்டியலாக வைத்துக்கொண்டு தேடினோம். புலனக் குழு ஒன்றும் தொடங்கினோம். ஐந்து மாதத்தில் பதினாறு பேர் கிடைத்தார்கள். ஒருவர் காலமாகிவிட்டார். எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு முதல் சந்திப்பை வைத்தோம்.

எண்பது வயதைக் கடந்த எங்கள் ஆசிரியரும் வந்திருந்தார். உணவு முடிந்து பேச்சும் சிரிப்புமாக இருந்த வேளையில் அவர் எங்களைச் சுற்றிப் பார்த்து, “மூன்றாவது வரிசையில் சன்னலோரம் உட்காருமே ஒரு பிள்ளை, அது எங்கே?” என்று கேட்டார்.

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. படத்தைக் கொண்டு வந்து காட்டினோம். “இதில் இருக்காது. வெள்ளைச் சப்பாத்து இல்லாதவர்கள் படம் பிடிக்க வரவேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னது நான்தான்,” என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை. கோப்பியும் ஆறிப்போயிற்று.

அந்தத் தோழியைத் தேடுவது கடினமாக இருக்கும் என்று நினைத்தோம். இரண்டே வாரத்தில் கிடைத்துவிட்டார். தாய்ப்பிங்குக்குப் போகும் சாலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கும் சிறிய பசியாறல் கடை அவருடையது. எங்களுள் இருவர் அந்தக் கடையில் பலமுறை பசியாறியிருக்கிறார்கள்! “நீங்கள் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும்,” என்றார் அவர். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “படத்தில் இல்லாதவளை எப்படித் தேடுவீர்கள்?” என்று சிரித்தார். அவர் சிரித்தாரே தவிர, எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேயர்களே, எங்கள் தவறு எங்கே இருந்தது? படத்தை நம்பினோம். பதிவேட்டை நினைக்கவில்லை. படத்தில் நிற்க வசதி பெற்றவர்களையே மீண்டும் ஒருமுறை அழைத்தோம். வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் எழுதியதோடு நிற்கவில்லை. ‘பழைமை’ என்று 81ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்திருக்கிறார். நெடுநாள் பழகியவர்க்கு உள்ள உரிமையைப் பேசுவது அது. அந்த உரிமை சப்பாத்து உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒன்றுதானே?

மறு ஆண்டு எல்லாரும் தாய்ப்பிங்குக்கு ஒருநாள் உலா போனோம். ஈயம் தோண்டிய பள்ளங்களே ஏரிகளாக மாறிய பூங்கா அது, 1880இல் தொடங்கியது. நீரைத் தொடும்படி கிளை தாழ்ந்த மழைமரங்களின் நிழலில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கட்டி வந்த சோற்றைப் பகிர்ந்து உண்டோம். மாலையில் கோலா செப்பத்தாங் போனோம். அதுதான் பழைய போர்ட் வெல்ட். இந்நாட்டின் முதல் இரயில் 1885இல் தாய்ப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. இன்று தண்டவாளம் இல்லை, நிலையமும் இல்லை. பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

அந்தப் பலகையின் முன் படம் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் அந்தத் தோழியிடம் மெல்ல ஏதோ சொன்னார். என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. அவர் ஆசிரியரின் கையைப் பிடித்து, நடுவில் தம் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

இத்தகைய கூடலை நடத்த விரும்புவோர்க்கு மூன்று செய்திகள் சொல்வோம். முதலாவது, பள்ளி இன்னும் இருந்தால் அதன் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் பழைய ஆசிரியரைக் கேளுங்கள். இரண்டாவது, பங்குத்தொகையைக் குறைந்த வருமானம் உள்ளவரை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். விடுதி விருந்தைவிடக் கட்டுச்சோறு நல்லது. மூன்றாவது, “இப்போது என்ன வேலை? எந்தக் கார்?” என்று தொடங்காதீர்கள். விற்பனைப் பொருளையும் காப்புறுதித் தாளையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2021 முதல் பள்ளிச் சப்பாத்து கறுப்பாகிவிட்டது. வெள்ளை பூசும் வேலை ஒழிந்தது. ஆயினும் படம் பிடிக்கும் நாளில் வராமல் இருந்துவிடும் பிள்ளை இன்றும் உண்டு. எங்கள் பள்ளியில் இப்பொழுது, அப்படி ஒரு பிள்ளை வராவிட்டால் படக்காரரை மறுநாள் வரச் சொல்கிறோம். படக்காரர் சில சமயம் முணுமுணுக்கத்தான் செய்கிறார். அதற்கென்ன? ஒருநாள் பொறுத்தால் போகிறது. முப்பது ஆண்டு பொறுக்கும்படி ஆகிவிடக் கூடாது.