பழைய வகுப்புத் தோழருக்கு ஒரு கடிதம்



வெள்ளி விழாவில் முதியோரைப் பேச அழைத்தால், பட்ட பாட்டையும் பெற்ற பட்டத்தையும் விரித்துரைப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை நீங்கள் பலமுறை கேட்டுவிட்டீர்கள். கல்லூரியை விட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும் எங்கள் வகுப்புத் தோழர்களுக்குள் நடந்துவரும் கடிதப் போக்குவரத்தைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

வகுப்புத் தோழர் என்னும் உறவே நம்மவர்க்கு எளிதில் கிட்டியதன்று. திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் நூலில், கோயம்புத்தூர்க் கலாசாலையில் தாம் பயின்ற நாட்களைக் குறித்துள்ளார். அங்கிருந்த ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் ஒழிய மற்றையோர் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்தால் தாழ்வாக நடத்துவர் என அஞ்சி, வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துவிட்டு, மணியடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் வீற்றிருந்த பெருமகனுக்கு, மாணவப் பருவத்தில் தம் வீட்டு வழியைப் பிறர்க்குச் சொல்லவும் அச்சமாயிருந்தது. எண்பதை நெருங்கிய வயதில்தான் அவர் அதனை எழுதிவைத்தார்.

எங்கள் காலம் 1960களின் பிற்பகுதி. நாகையிலிருந்து திருவாரூர் சென்று, மாயவரத்தில் (1982இல்தான் அது மயிலாடுதுறை ஆயிற்று) வண்டி மாறிப் படிக்கச் சென்றவர்கள் நாங்கள். 1944இல் தொடங்கிய மத்திய அரசின் உதவித்தொகை இல்லையேல் அந்த ரயிலில் ஏறியிருக்கவே மாட்டோம். அன்று ‘அரிசன விடுதி’ என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும்; 2025 ஜூலையில் அரசு அவ்வகை விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ எனப் பெயர் மாற்றியுள்ளது. பெயர் நன்று; கூரையும் சோறும் அப்பெயருக்குத் தக்கபடி அமையட்டும்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது வகுப்பில் எவரும் எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்களுள் ஒருவருக்கு அக்கால வகுப்புத் தோழர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். முதல் பக்கம் முழுவதும் முழங்கால் வலி, மனைவியின் மறைவு, பேரனின் படிப்பு. பக்கத்தைத் திருப்பினால், “அந்தத் தை மாதம் முழுவதும் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். உன் ஊர் வெண்மணிக்கு எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவேயில்லை” என்றிருந்தது. நம் நண்பருக்குப் பதில் எழுத இரண்டு மாதம் பிடித்தது. “நான்கு மைல்” என்று தொடங்கினார். அதன் பிறகு அவ்விருவர்க்கும் இடையே கடிதம் நின்றதில்லை.

ஆயினும் எல்லாக் கடிதங்களும் இவ்வளவு திறந்த மனத்தோடு எழுதப்படுவதில்லை. ‘நலம், நலமறிய அவா’ என்று எழுதிவிட்டு, அந்த நலத்திற்குப் பின்னால் எத்தனையோ பேர் ஒளிந்துகொள்கின்றனர். சேரியின் முதல் பட்டதாரி என்று ஒருமுறை மாலை வாங்கியவனுக்கு, மகனுக்கு வேலையில்லை, கண் தெரியவில்லை, வீட்டுக் கடன் அடையவில்லை என்று எழுதக் கை கூசுகிறது. தாழ்வாக எண்ணுவரோ என்று சீனிவாசனார் அன்று இருப்பிடத்தை மறைத்தார். அதே அச்சத்தால் நாம் இன்று இருக்கும் நிலையை மறைக்கின்றோம்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற எங்கள் தோழர் ஒருவர் காலமானார். குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று உண்டென்பதே அவர் துணைவியாருக்குத் தெரியாது. ஏழு மாதம் கழித்து, கருவூலத்தில் பணியாற்றியிருந்த மற்றொரு தோழர் பொங்கல் வாழ்த்துக்குப் பதில் வரவில்லையே என்று விசாரிக்கப் போய்த்தான் மரணச் செய்தியே எங்களுக்கு எட்டியது. அவர் உடனிருந்து விண்ணப்பம் எழுதித் தந்தார். மாநில அரசு ஓய்வூதியருக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் நூற்றுக்கு 20 கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் இவ்வாறு ஒருவர் எழுதிப் பிறர் அறிந்ததே. 2004 டிசம்பர் 26 கடற்கோளின்போதும், 2018 நவம்பரில் கஜா புயலின்போதும், உறவினர்க்கு முன்னரே எங்களை விசாரித்தவர்கள் பழைய வகுப்புத் தோழர்கள்.

இளைஞர்களே! உங்கள் தாத்தாவிடமோ, பெரியப்பாவிடமோ பழைய முகவரிப் புத்தகம் ஒன்று இருக்கும். கை நடுங்குவதாலும் கண் மங்கியதாலும் அது மூடிக்கிடக்கும். அருகே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கைப்பேசியில் பேசவைத்தாலும் சரியே. உங்கள் வேலையின்மையைப் பற்றி அவர் சொல்ல நேர்ந்தால், முகம் சுளிக்காமல் அதனையும் எழுதுங்கள். எங்களுள் பெண்களாய்ப் படித்தவர் மிகச் சிலர். மணமாகி ஊர் மாறியதால் அவர்களுள் மூவரின் முகவரி எங்களிடம் இல்லை. அவர்களைத் தேடித்தர எவரேனும் முன்வருவீராயின், கூட்டம் முடிந்ததும் வாயிற்புறத் திண்ணையில் எங்களைக் காணலாம். பெயர்களும் அந்நாளைய ஊர்களும் எழுதிக் கொண்டுவந்திருக்கின்றோம்.