டீ தொகுப்பும் நமது தேநீரும்

(நூற்றாண்டு விழாவில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



இரசாயனவியல் வகுப்பில் "டீ தொகுப்பு மூலகங்கள்" என்று ஆசிரியை சொன்னதும் நாங்கள் சிரித்துவிட்டோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டீ என்றால் வேறு எது? ஆசிரியை கோபிக்கவில்லை. "நீங்கள் குடிக்கும் டீக்குள்ளும் இந்தப் பாடம் இருக்கிறது" என்றார்.

உண்மைதான். இரும்பு, செம்பு போன்ற தாண்டல் மூலகங்களின் ஒட்சியேற்ற எண் மாறக்கூடியது. அவை நல்ல ஊக்கிகளாவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்டரியில் கொழுந்தை அரைக்கும்போது கலங்கள் உடைகின்றன. செம்பைக் கொண்ட ஒரு நொதியம் ஒட்சிசனின் துணையோடு பச்சைக் கொழுந்தைச் செந்நிறமாக்குகிறது. அந்தச் செம்பு இல்லையேல் நமது சாயமும் இல்லை. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது; அதைக் கட்டுப்படுத்தத் தெளித்ததும் செம்பு மருந்தே. மலைக்குப் போடும் யூரியாவுக்கு அமோனியா வேண்டும். அதை ஆக்க உதவுவது இரும்பு ஊக்கி.

கொழுந்துக்கு உதவிய இரும்பு, கொழுந்தெடுத்த நம் அம்மாமார் பலருக்குப் போதவில்லை. ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஒட்சிசனைச் சுமப்பவை அவைதாம். இரும்பு குறைந்தால் களைப்பு வரும், மூச்சு வாங்கும். எங்களில் ஒருத்தியின் அம்மா, கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் காலைப் பிளேன்டீயோடுதான் விழுங்கினார். மாதங்கள் போயும் சோகை குறையவில்லை.

தாண்டல் உலோக அயன்கள் சிக்கற் சேர்வைகளை உண்டாக்கும் என்று நாங்கள் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினோம். தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பை அப்படித்தான் பிடித்து, உடல் உறிஞ்சாமல் தடுக்கின்றன. லயத்துக்குப் போய் அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. இன்றும் அது எங்கள் மனதை உறுத்துகிறது.

தேநீரை விடச் சொல்லவில்லை. அது நமக்குச் சோறு போட்டது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிப்போம். குளிசையைத் தண்ணீரோடு எடுப்போம். தேசிக்காயும் நெல்லிக்காயும் இரும்பை உறிஞ்ச உதவும்.

சகோதரிகளே, ஹட்டனில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் அடுத்த முறை அம்மாவோடு பேசும்போது இதைச் சொல்லுங்கள். இந்தப் பாடசாலை நமக்குத் தந்த பாடம் வீடு வரைக்கும் போய்ச் சேரட்டும்.