கைமாறும் பொருளும் கைக்கு வராத பணமும்

வீட்டிலுள்ள பழைய பொருளை விற்பது இழிவான காரியமன்று. வீடு மாறுவோரும் கடல் கடந்து செல்வோரும் நெடுங்காலமாகச் செய்துவருவதே அது. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு குடும்பம் பயணத்துக்கு நாள் குறித்துவிட்டால், அலுமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. முன்னாளில், 1930இல் தோன்றிய வீரகேசரியிலோ 1932இல் தோன்றிய தினகரனிலோ சிறு விளம்பரம் ஒன்று கொடுத்துவிட்டு, வாசலில் வந்து நின்றவரின் முகத்தைப் பார்த்து விலை பேசினார்கள். இன்று, 2012இல் தொடங்கிய இக்மன் போன்ற இணையச் சந்தைகளும் முகநூலின் சந்தைப் பகுதியும் அவ்விளம்பரத்தைச் சில நிமிடங்களில் நாடெங்கும் பரப்பிவிடுகின்றன. சந்தை விரிந்தது, வாங்குபவரின் முகமோ மறைந்தது.

விசாரித்து வருவோரிற் பெரும்பாலோர் நேர்மையானவர்களே. எனினும் வஞ்சகர் சிலரும் அவர்களிடையே கலந்திருக்கின்றனர். அவர்கள் கையாளும் சூழ்ச்சிகள் பலவாகத் தோன்றினும், அவற்றின் உட்பொருள் ஒன்றே. பொருள் கைமாறும் நேரத்தையும் பணம் வந்துசேரும் நேரத்தையும் அவர்கள் வேறாகப் பிரித்துவிடுகின்றனர். அந்த இடைவெளியிலேதான் ஏமாற்று நிகழ்கிறது.

கல்கிசையில் தனித்து வாழும் முதிய பெண்மணி ஒருவர் தையல் இயந்திரம் ஒன்றை விற்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் ஒருவன் அன்பாகப் பேசுகிறான். விலையைக் குறைக்கும்படியும் கேட்கவில்லை. தான் கண்டியில் இருப்பதாகவும், பணத்தை வங்கியில் இட்டுவிட்டதாகவும் கூறிப் பற்றுச்சீட்டின் படமொன்றை அனுப்புகிறான். சற்று நேரத்தில் முச்சக்கர வண்டியொன்று வாசலில் வந்து நிற்கிறது. வந்த சாரதி ஒன்றும் அறியாதவர், கூலிக்கு வந்தவர். காத்திருக்கும் அவரைப் பார்த்த கூச்சத்தில் இயந்திரம் வண்டியில் ஏற்றப்படுகிறது. அந்தப் பற்றுச்சீட்டு போலியாக வரையப்பட்டதென்பது பின்னரே தெரியவருகிறது.

இன்னொருவன் விலைக்கு மேற்பட்ட தொகைக்குக் காசோலை இட்டு, மிகுதியை உடனே திருப்பி அனுப்புமாறு கேட்பான். காசோலை திரும்பி வரும்போது பொருளுடன் மிகுதிப் பணமும் போய்விட்டிருக்கும். வேறொருவன், பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கென்று ஓர் இணைய முகவரியை அனுப்பி, வங்கி அட்டையின் இலக்கத்தையும் கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கேட்பான். பணம் பெறுவதற்குப் பெயரும் வங்கிக் கிளையும் கணக்கு இலக்கமும் போதும். கடவு எண் கேட்பவன் பணம் கொடுக்க வந்தவனல்லன், எடுக்க வந்தவன்.

இவற்றுக்கெல்லாம் மாற்று, இலங்கையின் பழைய சட்டமொன்றிலேயே உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொருளை ஒப்படைப்பதும் விலையைச் செலுத்துவதும் ஒருங்கே நிகழவேண்டும் என்கிறது. ஆகவே பணம் வரும்வரை பொருளைத் தம்மிடமே வைத்திருக்க முயல்பவர் மரியாதையில் தவறியவராகார். தமக்குரிய உரிமையையே அவர் பேணுகிறார்.

இந்நெறியைக் கடைப்பிடிப்பது இன்று எளிது. வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் முறை 2015 முதல் இலங்கையில் நடைமுறையிலுள்ளது. குறுஞ்செய்தியையும் படத்தையும் நம்பாமல், தமது கணக்கைத் தாமே திறந்து பார்ப்பதே முறை. அது இயலாதவர் வங்கியிடமே கேட்டறியலாம். பெருந்தொகையாயின் வங்கிக் கிளையிலேயே சந்தித்துப் பணத்தை எண்ணிப் பெறுவது நன்று. வீட்டுக்கு வருவோரை வரவேற்கும்போது உறவினரோ அயலவரோ உடனிருக்க வேண்டும். மோட்டார் வாகனம் விற்போர், வாங்குபவரின் பெயர் எழுதப்படாத உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடலாகாது. உரிமை மாறாதவரை, அவ்வாகனத்தால் விளையும் தொல்லை பதிவிலுள்ள பெயரைத் தேடியே வரும்.

ஏமாற்றப்பட்டவர் வெட்கத்தால் வாளாவிருத்தல் கூடாது. வஞ்சித்துப் பொருளைப் பெறுவது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். காலந்தாழ்த்துவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு: வஞ்சகன் அப்பொருளை ஒன்றும் அறியாத மூன்றாமவருக்கு விற்றுவிட்டால், அதை மீட்பது அரிதாகிவிடக்கூடும். ஆதலால் உரையாடல்களை அழிக்காமல், தொலைபேசி இலக்கத்தையும் போலிப் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே பொலிஸ் நிலையத்துக்குச் செல்லவேண்டும். கடவு எண்ணைக் கொடுத்துவிட்டவர் அதற்கும் முன்னதாக வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்தச்செய்தல் அவசியம்.

நல்லவரை ஐயுறுவது பண்பன்று என்ற கூச்சமே பலரை இழப்புக்குள்ளாக்குகிறது. ஆனால் ஆளைப் பார்த்து ஐயுறுவது வேறு. எல்லோருக்கும் ஒரே விதியை வைத்துக்கொள்வது வேறு. "பணம் கணக்கில் சேர்ந்ததும் பொருளை எடுத்துச் செல்லலாம்" என்று முதற்பேச்சிலேயே சொல்லிவிட்டால் அதில் எவருக்கும் அவமதிப்பில்லை. நேர்மையானவர் ஐந்து நிமிடம் காத்திருப்பார். காத்திருக்க மறுத்து அவசரப்படுத்துகிறவனுக்குப் பொருளைக் கொடாதிருப்பதால், விற்பவருக்கு இழப்பேதுமில்லை.